முள் எங்கே பிழை விடுகிறது? பழைய மீட்டர் மணிக்கூட்டுக்கு ஒரு கோளாறுக் குறிப்பு

தேயிலை பெக்டரியில் பழைய சுவிட்ச்போர்டைக் கழற்றி டிஜிட்டல் பெனல் பூட்டுகிற நாளில், கறுப்பு பேக்லைட் உடம்பும் நீண்ட முள்ளும் கொண்ட மீட்டர்கள் பழைய இரும்புக்காரரின் தராசில் ஏறிவிடும். டிக்கோயாப் பக்கம் ஒரு பெக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்த காலத்தில், அப்படிப் போகவிருந்த மூன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். இன்று அவை எங்கள் வீட்டுச் சுவரில் மணி, நிமிடம், செக்கன் காட்டுகின்றன. அதைப் பார்த்துவிட்டு அயலில் நாலைந்து பேர் செய்தார்கள். செய்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது மணிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த கோளாறுகளும் என் கையில் நானே வரவழைத்துக்கொண்டவையும்தான் கீழே இருப்பவை.

அமைப்பு எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். டிஎஸ்3231 நேரச் சிப் நேரத்தை வைத்திருக்கும். ஆர்டுயினோ ஊனோ அல்லது நானோ என்ற சிறு கணினிப் போர்டு அதை வாசித்து, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு காலில் (வயர் பூட்டும் முனையில்) 0 முதல் 255 வரை அளவுள்ள துடிப்பை அனுப்பும். 255 என்றால் முழு 5 வோல்ட். இடையில் ஒரு ரெசிஸ்டர். முழு அளவு 1 மில்லி அம்பியர் என்றால் மொத்தத் தடை 5 கிலோ ஓம் வரவேண்டும், 3.9 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு 2 கிலோ ஓம் பிரிசெட் (திருகினால் தடை மாறும் ரெசிஸ்டர்) ஒன்றைத் தொடராக வைத்தால் திருகிச் சரிசெய்ய இடமிருக்கும். 100 மைக்ரோ அம்பியர் மீட்டருக்கு 39 கிலோ ஓமும் 20 கிலோ ஓம் பிரிசெட்டும். இவையெல்லாம் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சில்லறையாகக் கிடைக்கும்.

கழற்றும்போதே இரண்டு எச்சரிக்கை. ஓடிக்கொண்டிருக்கிற பெனலிலிருந்து அம்மீட்டரைக் கழற்றாதீர்கள். டயலில் 100/5, 300/5 என்று போட்டிருந்தால் அதன் பின்னால் கரண்ட் டிரான்ஸ்போமர் இருக்கிறது; சுமை ஓடும்போது அதன் கம்பியைத் திறந்துவிட்டால் முனையில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் ஏறும். அடுத்தது, இராணுவ, விமான மீட்டர்கள். இருட்டில் ஒளிர்வதற்காக எண்களில் தடிப்பாகப் பூசிய பழுப்பு மஞ்சள் பூச்சு ரேடியமாக இருக்கலாம். அது இப்போது ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு போகாது. திறக்கவேண்டாம், சுரண்டவேண்டாம்.

எதையும் திறப்பதற்கு முன்

ஒரு தாள் எடுங்கள். நிமிட மீட்டரை 0, 15, 30, 45, 60 என்று வரிசையாக நிறுத்தும் சின்ன நிரல் ஒன்றை ஓட்டி, முள் உண்மையில் எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் திருப்புளியோடு வருகிறவர்களிடம் நான் பேசுவதே இல்லை.

பிழை எல்லா இடத்திலும் ஒரே அளவா, மீட்டரின் நிலையைப் பாருங்கள். வலது பக்கம் போகப் போகக் கூடுகிறதா, வோல்டேஜையும் தடையையும் பாருங்கள். இடது பக்கம் மட்டும் நெருங்கிக் கிடக்கிறதா, மீட்டரின் ஜாதியே வேறு. ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறதா, உள்ளே ஏதோ உரசுகிறது. ஐந்து இடத்திலும் முள் சரியாக நின்றும் நேரம் மட்டும் பிழை என்றால், மீட்டரை விட்டுவிட்டு நேரச் சிப்புக்குப் போங்கள்.

முள் அசையவே இல்லை

1.5 வோல்ட் டோர்ச் பெட்டரி ஒன்றையும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் தொடராக வைத்து மீட்டரில் தொட்டுப் பாருங்கள். 1 மில்லி அம்பியர் மீட்டர் என்றால் முள் ஏழில் ஒரு பங்கு தூரமாவது எழும்பும். எழும்பினால் மீட்டருக்கு உயிர் இருக்கிறது; வயரிலும் நிரலிலும் தேடுங்கள்.

எழும்பாவிட்டாலும் செத்துவிட்டது என்று முடிவெடுக்கவேண்டாம். சுவிட்ச்போர்டு வோல்ட்மீட்டரின் முதுகில் பெரிய தொடர் ரெசிஸ்டர் இருக்கும். 300 வோல்ட், 1 மில்லி அம்பியர் மீட்டருக்கு அது 300 கிலோ ஓம். நம் 5 வோல்ட் அதற்குள் போனால் முள் மயிரிழைதான் நகரும். அந்த ரெசிஸ்டரைத் தாண்டி நேரே சுருளுக்கு வயர் எடுக்கவேண்டும். டீசி அம்மீட்டரில் கதை தலைகீழ்: இரண்டு முனைக்கும் நடுவே தடித்த உலோகப் பட்டை ஒன்று குறுக்கே கிடக்கும், அதுதான் ஷன்ட். மின்னோட்டம் முழுவதையும் அது தன் வழியே இழுத்துக்கொள்ளும். அதைக் கழற்றினால் முள் விழிக்கும். ஆனால் சில மீட்டர்கள் முழு அளவுக்கு 1 போதாமல் 5, 10 மில்லி அம்பியர் கேட்கும். 20 வரை ஆர்டுயினோ காலில் எடுக்கலாம், அதற்கு மேல் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும்.

மேலே சொன்ன 300/5 ஜாதி பெரும்பாலும் அசையும் இரும்பு வகை, அதாவது சுருள் அசையாமல் நிற்க உள்ளே ஒரு இரும்புத் துண்டு முள்ளோடு அசைவது. முழு அளவுக்கு 5 அம்பியர் கேட்கும். அதன் முகத்தையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு, உள்ளே வேறொரு சிறிய மீட்டரின் இயக்கத்தைப் பொருத்துவது ஒன்றுதான் வழி.

மல்டிமீட்டரால் சுருளின் தடையை அளக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். டிஜிட்டல் என்றால் பெரும்பாலும் தப்பிக்கலாம். முள் மல்டிமீட்டரின் மிகக் குறைந்த ஓம் ரேஞ்சில் வைத்தால் நூறு மில்லி அம்பியர் அளவுகூட வெளியே வரும். என் அக்கா மகன் ஒரு நல்ல மீட்டரை அப்படித்தான் கொன்றான். “மாமா, முள்ளு ஒரே அடியா அடிச்சு வளைஞ்சிருச்சு. இது செத்துப்போச்சா?” என்றான். “முள்ளு வளைஞ்சா நிமித்தலாம்டா, சுருள் கருகிருச்சு” என்றேன். மோந்து பார்த்தாலே தெரிந்தது.

தடை கட்டாயம் தெரியவேண்டுமென்றால், பெரிய தடை ஒன்றைத் தொடராக வைத்து முள்ளை முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மீட்டருக்குக் குறுக்கே ஒரு பிரிசெட்டை இணைத்து, முள் சரி பாதிக்கு இறங்கும்வரை திருகுங்கள். பிரிசெட்டைக் கழற்றி அளந்தால், அதுதான் மீட்டரின் உள் தடை.

முள் இடது பக்கம் போகிறது

வயரை மாற்றுங்கள்.

வலது ஓரத்தில் போய் ஒட்டி நிற்கிறது

உடனே கழற்றுங்கள். ரெசிஸ்டர் விடுபட்டிருக்கும், அல்லது 47 கிலோவுக்குப் பதிலாக 4.7 கிலோ வைத்திருப்பீர்கள். ரெசிஸ்டரின் நிறப் பட்டைகளில் மஞ்சள், ஊதா இரண்டுக்கும் பொது. மூன்றாவது பட்டை செம்மஞ்சளா சிவப்பா என்பது தோட்டத்து லய வீட்டுக் குமிழ் வெளிச்சத்தில் தெரியாது. பகலில் பாருங்கள்.

5 நிமிடத்தில் சரி, 55 இல் பிந்துகிறது

அதிகம் வருகிற கோளாறு இதுதான். வீணாக மீட்டர்கள் திறக்கப்படுவதும் இதனால்தான். நிரலில் பிழையில்லை, முள்ளிலும் பிழையில்லை. ஆர்டுயினோவின் துடிப்பு எவ்வளவு உயரம் என்பதை அதற்கு வரும் வோல்டேஜ் தீர்மானிக்கிறது. யூஎஸ்பி வழியாகக் கரண்ட் கொடுத்தால், போன் சார்ஜரிலிருந்து வருவது அப்படியே காலில் வரும். 5 வோல்ட் 4.75 ஆக இறங்கினால் நூற்றுக்கு 5 பங்கு குறைவு. 5 ஆவது நிமிடத்தில் அது கால் நிமிடம், கண்ணுக்குத் தெரியாது. 60 இல் முழுதாக 3 நிமிடம்.

ஒருவர் என்னிடம் வந்து, “அண்ணே, பகல்ல நல்லா இருக்கு, பொழுது சாஞ்சா பிந்துது. குளிருக்கு மீட்டர் இறுகுது போல” என்றார். மலையில் எதற்கும் குளிர்மேல் பழி போடுவது வழக்கம். கணக்குப் பார்த்தால் குளிர் பாவம். செம்புக் கம்பியின் தடை ஒரு பாகைக்கு நூற்றுக்கு 0.4 பங்குதான் மாறும். சுருள் 100 ஓம் என்றால் 20 பாகை வித்தியாசத்துக்கு 8 ஓம். மொத்தம் 5,000 ஓமில் 8 ஓம் என்ன செய்துவிடும்? அவர் வீட்டில் இருந்தது பழைய கனத்த டிரான்ஸ்போமர் அடப்டர். பொழுது சாய்ந்து லயம் முழுக்க லைட்டும் ஹீட்டரும் போட்டதும் லைன் வோல்டேஜ் இறங்குகிறது, அடப்டரின் 9 வோல்ட் 7க்குக் கீழே போகிறது, போர்டில் உள்ள ரெகுலேட்டரால் 5 ஐப் பிடித்துவைக்க முடியவில்லை. அடப்டரை மாற்றினோம், மீட்டர் இறுகுவது நின்றது.

சார்ஜரும் மெல்லிய நீளமான கேபிளும் சேர்ந்தாலும் இதே பலன்தான். 55 இல் முள் நிற்கும்போதே போர்டின் 5 வோல்ட் காலை அளந்து பாருங்கள்; வேறு நேரத்தில் அளந்து பயனில்லை. நல்ல அடப்டர் கைக்கு வராவிட்டால், ஈஎஸ்பி8266 போர்டுக்கு மாறலாம். அதன் கால்களில் வருவது போர்டிலேயே சீர்செய்த 3.3 வோல்ட், சார்ஜர் ஆடினாலும் அது ஆடாது. அப்போது ரெசிஸ்டர் 2.7 கிலோ ஓம், பிரிசெட் 1 கிலோ ஓம். அந்தப் போர்டில் துடிப்பின் அளவு பழைய மென்பொருளில் 1023 வரை, 3.0 பதிப்பிலிருந்து 255 வரை. இது தெரியாமல் பழைய நிரலைப் போட்டால் கால் மணியிலேயே முள் உச்சிக்குப் போய்விடும்.

மேசையில் சரியாக இருந்தது பெட்டியில் பூட்டியதும் வலது பக்கம் பிந்தினால், பெட்டி பிஸ்கட் டின்தானே? தகரம் இரும்பு. மீட்டர் காந்தத்தின் பலத்தில் ஒரு பங்கைத் தகரம் உறிஞ்சிவிடும், சுருளுக்குக் குறைவாகவே கிடைக்கும். மூன்று மீட்டரை ஒட்டி ஒட்டி வைத்தாலும் ஒன்றின் காந்தம் மற்றதைத் தொந்தரவு செய்யும். பலகையில் செய்யுங்கள். டின்தான் அழகு என்றால் எல்லாவற்றையும் பூட்டி முடித்தபிறகே பிரிசெட்டைத் திருகுங்கள்.

எல்லா இடத்திலும் ஒரே அளவு பிழை

முகத்திலுள்ள சிறு திருகு பூச்சியத்துக்கானது. கரண்டை நிறுத்தி, கண்ணாடியை விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். மேசையில் படுக்கவைத்துத் திருகியதைச் சுவரில் மாட்டினால் மறுபடி விலகும். டயலின் கீழே தலைகீழான டி போல் ஒரு குறி இருந்தால் அது நிமிர்ந்து நிற்கவேண்டிய மீட்டர்.

1 முதல் 3 மணி வரை ஒட்டிக்கிடக்கிறது, அப்புறம் பரந்து போகிறது

டயலில் குதிரை லாடம் போல் குறி இருந்தால் அது அசையும் சுருள். அளவு சீராகப் போகும். லாடத்தோடு டயோட்டின் அம்புக்குறியும் இருந்தால், ஏசியை டீசியாக்க உள்ளே ரெக்டிபயர் வைத்தது. இடது பக்கம் நெருக்கமாக இருக்கும். லாடமே இல்லையென்றால் பெரும்பாலும் அசையும் இரும்பு. அதில் விலகல் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு கூடும், ஆகவே ஆரம்பத்தில் முள் எழும்பச் சோம்பல்படும்.

ரெக்டிபயரைத் தாண்டி நேரே சுருளுக்குப் போனால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு வாய்பாடு போடவேண்டியதுதான். முள்ளை 5 நிமிடத்துக்கு ஒரு தரம் நிறுத்தி, அந்த இடத்துக்கு 255 இல் எத்தனை தேவைப்பட்டது என்று 13 எண் எழுதி நிரலுக்குள் வையுங்கள். இடைப்பட்டதை நிரல் பங்கிட்டுக்கொள்ளும். நல்ல மீட்டருக்கும் நான் இதைச் செய்கிறேன். டயலைக் கையால் வரைந்தால் கோடு எங்காவது கோணித்தான் போகும், அந்தக் கோணலையும் இந்த வாய்பாடு விழுங்கிவிடும்.

ஒட்டிக்கொள்கிறது, தட்டினால் நகர்கிறது

தாளில் ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருகிறதென்றால் இங்கே வாருங்கள். இப்போதுதான் திறக்க அனுமதி.

முதல் சந்தேகம் இரும்புத் தூள். அரம் போட்ட மேசையில், கிரைண்டர் ஓடிய பட்டறையில் மீட்டரைத் திறந்தவர்கள் எல்லோருக்கும் இது உண்டு. காந்தத்துக்கும் சுருளுக்கும் நடுவே உள்ள இடைவெளி தாள் தடிப்புத்தான். ஒரு துகள் போய் நின்றால் முள் எப்போதும் அதே இடத்தில் மாட்டும். விளக்குமாற்று ஈர்க்கின் நுனியில் செலோடேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வரச் சுற்றி, இடைவெளிக்குள் மெதுவாக விட்டு எடுங்கள். ஊதினால் வராது, காந்தம் விடாது. இரும்பு இடுக்கியை அருகே கொண்டுபோகாதீர்கள். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்ச் சுருளில் விழும். மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, அதன்மேல் வேலை செய்யுங்கள்.

அடுத்தது மயிரிழைச் சுருள்வில். சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் உருப்பெருக்கியில் தெரியும். ஊசி நுனியால் பிரித்துவிடலாம், காலையில் தேத்தண்ணீர் குடிப்பதற்கு முன் கை நடுங்காமல் இருந்தால்.

எண்ணெய் விடவேண்டாம். தையல் மெஷின் எண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். கூர்முனை கல்லில் காய்ந்தபடியே சுழலும்படி செய்த பொருள் அது. எண்ணெய் தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும், பிறகு முள்ளை எழுப்ப வழியில்லை.

மீதியை மலை தீர்மானிக்கிறது. தென்மேல் பருவமழையில் அட்டன், வட்டவளைப் பக்கம் மாதக்கணக்கில் மூட்டம். கண்ணாடிக்கு உள்ளே வியர்வை படிந்து டயல் தாள் உப்பி முள்ளைத் தொடும். முதுகைத் திறந்து, சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடியுள்ள டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் ஈரம் போகும், புகை வரும். பெக்டரியின் தேயிலை டிரையர் வாயில் வைத்த புத்திசாலியும் உண்டு. அங்கே காற்று 90 பாகைக்கு மேல், பிளாஸ்டிக் முகம் அப்பளமாய் வளைந்துவிட்டது.

அதே மாதங்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் கச்சான் காற்று. மழையை மேற்கே கொட்டிவிட்டு மலையைத் தாண்டி வருவதால் காய்ந்து வரும். அங்கே துணியால் பிளாஸ்டிக் முகத்தைத் துடைத்த கையோடு முள் எழும்பிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். கோளாறு இல்லை, நிலைமின். வாயால் ஊதி ஆவி படவைத்தால் இறங்கும். பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு துளி தண்ணீரில் கலந்து முகத்தில் மெல்லப் பூசிக் காயவைத்தால் நாட்கணக்கில் வராது. ஒரே மணிக்கூட்டை அட்டனில் காயவைக்கவேண்டும், பண்டாரவளையில் நனைக்கவேண்டும்.

முள் நடுங்குகிறது, மெல்ல ரீங்கரிக்கிறது

ஊனோவில் துடிப்பு செக்கனுக்கு 490 தடவை. 5, 6 ஆம் கால்களில் 980. லேசான சுருள் சில வேளை அதோடு சேர்ந்து பாடும். மீட்டருக்குக் குறுக்கே 100 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டர் ஒன்று போதும். கூட்டல் கழித்தல் பார்த்து வையுங்கள்.

59 முடிந்ததும் முள் “டக்” என்று அடிக்கிறது

கெப்பாசிட்டர் கொஞ்சம் தடுக்கும், போதாது. நிமிட முள் நாளுக்கு 24 தடவை இப்படி விழுகிறது. செக்கன் மீட்டர் வைத்தவர்களுக்கு 1,440 தடவை. நிறுத்தக் கம்பியில் மோதி மோதி முள் வளையும், பூச்சியம் விலகும். நிரலில் 255 இலிருந்து 0க்கு ஒரே தாவலாகப் போகாமல் முக்கால் செக்கனில் படிப்படியாக இறக்குங்கள். பார்க்கவும் அழகு, மலைச் சரிவில் கொழுந்துச் சாக்கு வழுக்கி வருவது போல் வந்து நிற்கும். இந்த நாலு வரி நிரலுக்காகவே இரண்டு நாள் செலவழித்தேன், வருத்தமில்லை.

நிமிடம் 50, மணி முள் இன்னும் 3 இலேயே நிற்கிறது

மணியோடு நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கைக் கூட்டி அனுப்புங்கள். அவ்வளவுதான்.

கரண்ட் போய் வந்தால் பழைய நேரத்துக்குத் திரும்புகிறது

எந்த நேரத்துக்குத் திரும்புகிறது என்று கவனியுங்கள். ஒவ்வொரு தடவையும் நீங்கள் நிரலை ஏற்றிய அதே நேரத்துக்கு என்றால், நேரம் வைக்கும் வரி நிரலில் அப்படியே இருக்கிறது. போர்டு விழிக்கும்போதெல்லாம் அது ஓடுகிறது. ஒருமுறை நேரம் வைத்ததும் அந்த வரியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றவேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு இருந்தபோது இந்தக் கோளாறோடு மூன்று பேர் வந்தார்கள். அதற்கு முன் அவர்கள் மணிக்கூடு அணைந்ததே இல்லை, பிழை உள்ளே தூங்கியிருக்கிறது.

2000 ஆம் ஆண்டுக்குத் திரும்பினால் நேரச் சிப்பின் பொத்தான் பெட்டரி செத்துவிட்டது. டிஎஸ்3231 பூட்டி வரும், இசட்எஸ்-042 என்று எழுதிய நீல நிறப் போர்டில் இதற்கு ஒரு காரணமும் உண்டு: மறுபடி சார்ஜ் ஏறும் எல்ஐஆர்2032 பெட்டரிக்கென்று அதில் சார்ஜ் பாதை வைத்திருக்கிறார்கள். நாம் கடையில் வாங்கிப் போடும் சிஆர்2032 க்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது, உப்பும், கசியும். கண்ணாடி டயோட்டுக்குப் பக்கத்தில் 201 என்று எழுதிய ரெசிஸ்டரை ஈயம் உருக்கி எடுத்துவிடுங்கள்.

முள் சரி, நாள்போகப் போக நேரம் விலகுகிறது

நாளுக்குச் சில நிமிடம் என்றால் நேரச் சிப்பே வேலை செய்யவில்லை, ஆர்டுயினோ தானே எண்ணிக்கொண்டிருக்கிறது. ஊனோ எண்ணுவதற்குத் தாளம் போடும் செராமிக் ரெசனேட்டர் நூற்றுக்கு அரைப் பங்கு தவறினாலும் நாளுக்கு 7 நிமிடம்.

மாதத்துக்கு அரை, ஒரு நிமிடம் என்றால் போர்டில் இருப்பது டிஎஸ்1307 என்ற வேறு நேரச் சிப்பாக இருக்கும். குளிர்மேல் பழி போட உங்களுக்கு ஆசையிருந்தால் இங்கே போடலாம். அந்தச் சிப்பின் குவார்ட்ஸ் 25 பாகை வெப்பத்தில்தான் சரியாக ஓடும்; குளிர்ந்தாலும் சூடேறினாலும் பிந்தும். 10 பாகையில், அதாவது நுவரெலியாவின் சாதாரண இரவில், 25 பாகையில் ஓடும் வேகத்தைவிட ஒரு நாளைக்கு அரைச் செக்கனுக்கு மேல் பிந்தும். டிஎஸ்3231 தன் வெப்பத்தைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும், வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் நிற்கும். பெயர் கடைசியில் ‘எம்’ இருந்தால் இரண்டரை நிமிடம் வரை விலகலாம்.

சரியாக அரை மணித்தியாலம் பிழை

வைஃபை வழியாக நேரம் எடுக்கும் ஈஎஸ்பி காரர்களுக்கு மட்டும் வருவது. நம் நேரம் உலக நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே. நிரலில் 5.5 என்று எழுதியிருப்பீர்கள், அந்த இடத்தில் முழு எண்தான் செல்லும் என்றால் அது பேசாமல் 5 ஆக்கிக்கொள்ளும். மணிக்கூடு அரை மணி பிந்தும். எங்கள் பெரியம்மா இதைப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, பழைய நேரமா புது நேரமா?” என்று கேட்டார். 1996 மே மாதம் நாட்டின் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, அந்த அக்டோபரில் அரை மணி பின்னே எடுத்து, 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்குக் கொண்டுவந்தார்கள். பெரியம்மா அந்தப் பத்து வருடமும் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் பேர் எடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) போனவர், அரை மணியின் விலை அவருக்குத் தெரியும்.

மணியில் எழுதாமல் செக்கனில் எழுதுங்கள்: 19800.